வெடிக்காய்ச் செடி: பெயர் தெரிந்துகொண்டு நடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) போனாலும் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பூ நிற்கும். காலையில் பளிச்சென்று விரிந்திருக்கும். மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் தரையில் உதிர்ந்து கிடக்கும். "அக்கா, பெத்தூனியா கிடைத்துவிட்டது, எப்படி நடுவது?" என்று கிளையை ஒடித்துக்கொண்டு என் வாசலுக்கு வருகிறவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அது பெத்தூனியா இல்லை. பெத்தூனியா கத்திரி, மிளகாய், புகையிலைக் குடும்பத்துச் செடி. கேமரன் மலைக் குளிருக்குத் தொட்டி நிறையப் பூக்கும். நம் ஊர் வெக்கையிலும் சாயங்கால மழையிலும் தண்டு அழுகிச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும். லோங்காங் ஓரத்தில் நிற்பது ருவெலியா, நாம் வெடிக்காய்ச் செடி என்கிறோமே அது. பூவின் வடிவத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் இதைக் காட்டுப் பெத்தூனியா என்று அழைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உறவு என்று பார்த்தால் இது நம் கனகாம்பரம், டிசம்பர் பூ, ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் சேர்ந்த குடும்பம். கனகாம்பரக் காய் மழை பட்டதும் படபடவென்று வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காய் ஏன் வெடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பல வருஷம் களைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தவள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே போகும்போது, எதை அடிக்கணும், எதை விடணும் என்று செடியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மண்ணை மூடுவதற்குப் போட்ட கொடியையோ, பை கட்டும் புழுவைக் கொல்லும் குளவிக்குத் தேன் கிடைக்கட்டும் என்று ரோட்டோரம் நட்ட எட்டுமணிப் பூவையோ அடித்துவிட்டால் அன்றைக்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயில் விழ வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பூவை மட்டும் பார்த்து எந்தச் செடிக்கும் பெயர் வைக்காதீர்கள். ஊதாப் பூ ஊரில் நூறு இருக்கும். ருவெலியாவில் பார்க்க வேண்டியது இலை, காய், வேர். அதிலும் காய்தான் முக்கியம்.

இலையில் ஆரம்பிப்போம். ருவெலியாவில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்தது வடக்குத் தெற்காக இருக்கும். நாம் வெடிக்காய்ச் செடி, பட்டாசுக்காய் என்றெல்லாம் சொல்கிற ருவெலியா ட்யூபரோசாவின் இலை முட்டை வடிவம், விரல் நீளம், காம்பு பக்கம் ஒடுங்கி ஓரம் லேசாக நெளிந்திருக்கும். இளந்தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு மூலை தட்டுப்படும். செடி முழங்கால் உயரம், மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. பூ அடியில் ஒல்லிக் குழாயாகக் கிளம்பி மேலே புனலாக விரியும். ஐந்து இதழ், கசங்கின மெல்லிய துணி மாதிரி. உள்ளே நான்கு மகரந்தத் தண்டு, இரண்டு நீளம், இரண்டு குட்டை. பெத்தூனியாவில் ஐந்து இருக்கும், இலை பிசுபிசுவென்று கையில் ஒட்டும். இது ஒட்டாது.

காய் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். பச்சையிலிருந்து கரும்பழுப்புக்கு மாறினால் முற்றிவிட்டது. அப்போது நுனியில் எச்சில் தொட்டு வையுங்கள், அல்லது ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். சில நொடியில் டப்பென்று இரண்டாகப் பிளந்து விதை தெறிக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பெரியவர்கள் நிற்கும்போது பின்னாலிருந்து சட்டைக்குள் ஈரக்காயைப் போட்டுவிட்டு ஓடுவதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

காய்க்குள் ஒவ்வொரு விதைக்கும் அடியில் கொக்கி மாதிரி ஒரு காம்பு உண்டு. காய் பிளக்கும்போது அந்தக் கொக்கிதான் விதையை வீசுகிறது. இந்த இனத்திலேயே ருவெலியா சிலியாட்டிஃப்ளோரா என்ற செடியை வேகக் கேமராவில் படமெடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், விதை நொடிக்கு 1,600 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு 7 மீட்டர் வரை போகிறது என்று 2018இல் எழுதினார்கள். நம்முடைய செடி வேறுதான், ஆனால் முறை ஒன்று. எனவே பூந்தொட்டியில் நட்டது பக்கத்து வீட்டு சிமெண்டு வெடிப்பில் முளைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த வீட்டு ஆச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

கடைசியாக வேர். மழை பெய்த மறுநாள் ஒரு செடியை அடியோடு தோண்டிப் பாருங்கள். நடுவில் தடித்து இரண்டு பக்கமும் ஒல்லியாகும் வெளிர்நிறக் கிழங்குகள் கொத்தாக இருக்கும். தண்ணீரையும் சத்தையும் அங்கே சேர்த்து வைத்துக்கொள்கிறது. மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கத்துச் செடி நம்முடைய கெட்டிச் செம்மண்ணில் இப்படி வேரூன்றியதற்கு அந்தக் கிழங்கும் ஒரு காரணம். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ருவெலியா என்பது ழான் ரூயெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரிலிருந்து வந்தது.

பிற ஊதாக்கள்

நர்சரியில் "மெக்சிகன் பெத்தூனியா" என்று விற்பது ருவெலியா சிம்ப்ளெக்ஸ். அதன் இலை ஒல்லி, அரளி இலை நீளம், சில சமயம் அதைவிடவும் கூட. தண்டு கருஞ்சிவப்பு ஓடி இடுப்பு உயரத்துக்கு மேல் நிமிரும். பூ நீளக் காம்பில் வரும். குட்டை ரகம் ஒன்று இருக்கிறது, ஒரு சாண் உயரத்தில் புதராக நிற்கும், ரோட்டு நடுவில் அழகுக்கு நடுவது பெரும்பாலும் அதுதான். ரோஸ், வெள்ளைப் பூ ரகங்களும் உண்டு. இதில் கிழங்குக் கொத்து இருக்காது, மண்ணுக்கடியில் ஓடும் தண்டு இருக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

தரையோடு படர்ந்து, கணுவில் வேர் விட்டு, சின்ன வெளிர் ஊதாப் பூ பூத்தால் அது ருவெலியா ரெபென்ஸ். இது நம்ம பக்கத்துச் செடியே. தென்கிழக்காசியாவின் சொந்தப் பிள்ளை. புல்வெட்டுகிறவர்கள் பார்த்தும் பார்க்காமலும் வெட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு என்னவோ கடையில் வாங்குகிற எல்லாவற்றையும்விட இதன் மேல் பிரியம் அதிகம்.

இஸ்ரேல் புல் என்று தோட்டத்தில் சொல்கிற அசிஸ்டேசியாவைத்தான் நிறையப் பேர் இதோடு குழப்புகிறார்கள். அதுவும் அதே குடும்பம், இலையும் எதிரெதிர்தான். ஆனால் பூ சின்னது, வெள்ளை, கீழ் இதழில் ஊதாத் தீற்று இருக்கும். காய் பீமன் கையிலிருக்கும் கதாயுதம் மாதிரி, அடியில் ஒல்லியாகி நுனியில் தடிக்கும். உள்ளே பெரும்பாலும் நான்கே விதை. அது நன்றாகக் காய்ந்து வெயிலில் வெடிக்கும். வெடிக்காய்ச் செடி ஈரம் பட்டு வெடிக்கும். சந்தேகம் வந்தால் இந்த ஒன்றே போதும். முற்றின காயை நனைத்துப் பார்த்துவிடலாம். இஸ்ரேல் புல்லை ஒருபோதும் தொட்டியில் நடாதீர்கள். ஆடு மாடு விரும்பித் தின்னும், அது ஒன்றுதான் அதனிடம் உள்ள நல்ல குணம்.

மருந்து விஷயம் ஒன்று. கிரந்திநாயகம் என்று தமிழ்நாட்டில் சொல்கிற மூலிகையும் ருவெலியா இனம்தான், ஆனால் அது ருவெலியா பட்டுலா, வேறு செடி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு லோங்காங் ஓரத்து இலையைக் கசக்கிக் கண்ணில் பிழிவது மடத்தனம். அந்த ஓரத்தில் யார் என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பூ பார்க்க வளர்ப்போம், சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் கிளினிக்குக்குப் போவோம்.

விதை எடுப்பது

நடுவதற்குக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வெடிக்காய்ச் செடி சும்மா கிடைக்கும். நம் பக்கம் தைப்பூசம் ஒட்டின வாரங்கள் மழையில்லாமல் காய்ந்திருக்கும், ஜூன் ஜூலையிலும் மழை குறையும். விதை சேர்க்க அந்த நேரம் தோது. காலைப் பனி காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிவாக்கில், பழுப்புக் காய்களைக் காம்போடு கிள்ளி உலர்ந்த பிஸ்கட் டின்னில் போடுங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. வியர்வையே போதும், உள்ளங்கையிலேயே வெடிக்கும். சாயங்கால மழைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். ஒரு நல்ல மழை வந்தால் செடியில் மிஞ்சுவது காலி ஓடுதான்.

விதையைப் பிரிக்க, காய்களை ஒரு பழைய தலையணை உறையில் கொட்டி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வாயைக் கட்டிவிட்டு உட்காருங்கள். உள்ளே பொரிகிற சத்தம் கேட்கும். அடங்கியதும் உறையை வெயிலில் காயவைத்து உதறினால் தட்டையான பழுப்பு விதைகள் கிடைக்கும். ஒரு காயில் ஏறக்குறைய 20 இருக்கும். உறையில் ஒட்டிக்கொண்டவை காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் வரும். ஒட்டுவதற்குக் காரணம், விதையைச் சுற்றியுள்ள மெல்லிய முடி ஈரத்தில் வழவழப்பாகி, ஊறின சப்ஜா விதை போல ஆகிவிடும். மண்ணில் விழுந்த விதையை மழை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துவைப்பது அந்தப் பசைதான். ஆகவே விதைக்கும்போது காய்ந்த கையால் தூவுங்கள், பிறகு தண்ணீர் தெளியுங்கள். தண்ணீரில் ஊறவைத்துவிட்டு விதைக்கப் பார்த்தால் விரலில் அப்பிக்கொண்டு ஒன்றும் நடக்காது.

ஆழமாகப் புதைக்க வேண்டாம். மேல் மண்ணைக் கிளறி, தூவி, மணல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மூடினால் போதும். சித்திரை மழை தொடங்கும்போது விதைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம். ஒன்று இரண்டு வாரத்தில் முளை காட்டும். நான்கு இலை ஜோடி வந்ததும் ஒரு முழ இடைவெளி விட்டு மாற்றி நடலாம். மாற்றும்போது வேரைப் பிய்க்காமல் மண்கட்டியோடு எடுங்கள், கிழங்கு அப்போதே தடிக்க ஆரம்பித்திருக்கும். முளைத்த இரண்டு மூன்று மாதத்தில் முதல் பூ வந்துவிடும்.

அவசரக்காரர்கள் கிழங்கோடு பிடுங்கி நடலாம். மேல் தண்டை ஒரு கை உயரத்துக்கு வெட்டிவிட்டு, தண்டும் கிழங்கும் சேருகிற இடம் மண் மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். தண்டில்லாமல் ஒடிந்து வந்த வெறும் கிழங்கை நம்பி உட்காராதீர்கள். ருவெலியா சிம்ப்ளெக்ஸ் என்றால் இத்தனை பாடே வேண்டாம், கணு இருக்கிற தண்டை ஒடித்து மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி வைத்தாலே வேர் விடும்.

இடம், தண்ணீர், உரம்

வெயில் வேண்டும். அரை நாள் வெயிலாவது வேண்டும். நிழலில் செடி சாகாது, இலையாகத் தள்ளும், பூ குறையும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிழலோ வறட்சியோ தட்டினால் இந்தச் செடி விரியாத மொட்டுக்குள்ளேயே தானே சூல் கொண்டு காய்த்துவிடும். பூவே பார்க்கவில்லையே, காய் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மண்ணைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சரளை, செம்மண், வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டுக் கழிவு, எல்லாவற்றிலும் நிற்கும். கோழி எருவையும் நீல உரத்தையும் அள்ளிப் போட்டால் இலை கொழுத்துப் பூ நின்றுவிடும். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலை மக்கினது கிடைத்தால் வருஷத்துக்கு ஒரு தடவை செடியடியில் ஒரு கை போடுவேன், அதற்கு மேல் கிடையாது. வேர் பிடிக்கும் வரை தினமும் தண்ணீர், அப்புறம் இலை தொங்கினால் மட்டும். கடும் வெயிலில் மேலே காய்ந்துபோனாலும் தூக்கி எறியாதீர்கள், முதல் மழைக்குக் கிழங்கிலிருந்து துளிர்க்கும். தொட்டியில் வைப்பதானால் அகலம் குறைந்தாலும் ஆழம் வேண்டும், 30 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அடித்தட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசுக்குப் பிள்ளை பெற இடம் கொடுத்துவிட்டு, டெங்கி சோதனைக்கு வருகிறவர்களிடம் அபராதச் சீட்டும் வாங்க வேண்டியிருக்கும்.

பூத்து ஓய்ந்ததும் ஒரு சாண் விட்டுக் கத்தரித்துவிடுங்கள். புதிதாகத் தழைத்து வரும் கிளையில்தான் பூ நிறையும். அதோடு முற்றாத காயும் போய்விடும்.

பூச்சித் தொல்லை அநேகமாக இல்லை. இலையைக் கறும்பி வைத்திருக்கும் முள்முள்ளான கறுப்புப் புழுவைக் கண்டால் மருந்துப் பாட்டிலைத் தேடாதீர்கள். அந்த முள் குத்தாது. இறக்கையில் கண் போட்ட ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியும், கறுப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டும் நீல மினுக்கும் உள்ள பெரிய பட்டாம்பூச்சியும் இந்தக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும். நாலு இலை போனால் போகட்டும். செடி ஒரு வாரத்தில் எட்டு இலை விடும்.

அடக்கி வைப்பது

வளர்ப்பதைவிட இதுதான் பெரிய வேலை. தோட்டத்தில் பாராக்குவாட் என்ற களைமருந்து அடித்த காலத்தில் இந்தச் செடி இரண்டே நாளில் கருகிச் சுருண்டுவிடும். மேற்பார்வைக்கு வருகிறவருக்குத் திருப்தி. மழை பெய்ததும் அதே இடத்தில் அது நிற்கும். பாராக்குவாட் பட்ட இடத்தை மட்டும் எரிக்குமே தவிர வேருக்கு இறங்காது, கிழங்கு பத்திரமாக இருக்கும். செடி பிழைத்தது, எங்கள் கூட்டத்துப் பெண்களுக்கு நகம் கழன்றதுதான் மிச்சம். 2020 ஜனவரியிலிருந்து அந்த மருந்துக்கு மலேசியாவில் தடை. வீட்டுத் தோட்டத்துக்கு எந்த மருந்தும் வேண்டாம். மழை பெய்து மண் இளகியிருக்கும் காலையில், முள்கரண்டி மாதிரி இருக்கிற தோண்டியைச் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தி நெம்பினால் கிழங்குக் கொத்து முழுசாக வரும். வெறும் கையால் தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு உங்கள் கையில், கிழங்கு மண்ணில்.

ருவெலியா சிம்ப்ளெக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் அழகுக்காக நட்டது ஈரக்காட்டுக்குள்ளும் ஓடைக் கரையிலும் புகுந்து, ஆக்கிரமிக்கும் செடிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழகமே விதை பிடிக்காத ரகங்களை உருவாக்கி வெளியிட வேண்டியதாயிற்று. இந்தச் செடிக்கு ஈரம் என்றால் கொண்டாட்டம், விதை தண்ணீரோடு போகும், அடித்தண்டின் துண்டு விழுந்த இடத்திலும் துளிர்க்கும். நம் ஊர் லோங்காங் எல்லாம் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. ஆகவே நெட்டை ரகத்தை வாய்க்கால் ஓரத்தில் நடவே நடாதீர்கள். ஆசை விடவில்லை என்றால் குட்டை ரகத்தை அடி உள்ள தொட்டியில், சிமெண்டுத் தரையின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.

பிடுங்கின கிழங்கையும் தண்டையும் குப்பைக் குழியில் பச்சையாகக் கொட்டினால் அங்கேயே ஒரு தோட்டம் போட்டுவிடும். சிமெண்டுத் தரையில் பரப்பி, நன்றாகச் சுருங்கிக் காயும் வரை வெயிலில் போடுங்கள். கிழங்கை ஒடித்துப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் சில நாள் கிடக்கட்டும். காய்களைத் தனியாகக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுத்துவிடுங்கள். யாராவது கன்று கேட்டால் கிழங்கோடு கொடுக்கும்போதே காயையும் காட்டிக் கொடுங்கள். தங்கச்சிமார்களே, என் வீட்டுக்கு வருகிறவர்கள் கிளை ஒடித்துக்கொண்டு வர வேண்டாம், ஒரு காயும் ஒரு ஜோடி இலையும் கொண்டு வாருங்கள். எது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.